உலகப் பால் விலையைத் தீர்மானிக்கும் ஐந்து பிராந்தியங்கள்: உற்பத்திப் போக்கு உணர்த்துவது என்ன?

புதுதில்லி: உலகிலேயே அதிக அளவில் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறையின் புள்ளிவிவரப்படி, 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் உற்பத்தி 23.93 கோடி டன். இது உலக உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். ஆயினும், சர்வதேசச் சந்தையில் பால் பவுடர், வெண்ணெய் ஆகியவற்றின் விலையை நிர்ணயிப்பதில் இந்தியாவின் பங்கு சொற்பமே. நியூசிலாந்து, ஐரோப்பிய யூனியன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஆர்ஜென்டீனா ஆகிய ஐந்து பிராந்தியங்களின் உற்பத்தியே அந்த விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

உலகில் கறக்கப்படும் பாலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே நாடுகளுக்கிடையே வர்த்தகமாகிறது. இதனால், ஏற்றுமதி செய்யும் நாடுகளில் உற்பத்தி ஓரிரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ விலை பெரிதும் மாறிவிடுகிறது. மாதம் இருமுறை நடைபெறும் 'குளோபல் டெய்ரி டிரேடு' ஏலத்தில், 2013 ஏப்ரலில் டன் ஒன்றுக்கு 5,000 டாலரைத் தாண்டிய முழுக் கொழுப்புப் பால் பவுடரின் விலை, 2015 ஆகஸ்டில் 1,600 டாலருக்கும் கீழே சரிந்தது.

நியூசிலாந்து: மாடுகள் குறைகின்றன

தனது பாலில் சுமார் 95 சதவீதத்தை ஏற்றுமதி செய்யும் நாடு நியூசிலாந்து. மேய்ச்சல் நிலத்தையே பெரிதும் நம்பியிருப்பதால், அங்கு பருவநிலைக்கு ஏற்ப உற்பத்தி ஏறி இறங்குகிறது. 2014-15இல் 50 லட்சமாக இருந்த கறவை மாடுகளின் எண்ணிக்கை, 2023-24இல் சுமார் 47 லட்சமாகக் குறைந்தது. நீர்நிலைகளைப் பாதுகாக்கும் விதிமுறைகளும், புதிய மேய்ச்சல் நிலம் கிடைக்காததும் விரிவாக்கத்துக்குத் தடையாக உள்ளன. ஒரு மாடு தரும் பாலின் அளவு உயர்ந்ததால், மொத்த உற்பத்தி ஆண்டுக்கு 2,000 கோடி லிட்டருக்கு மேல் நிலைத்துள்ளது.

ஐரோப்பா: ஒதுக்கீட்டு முறைக்குப் பின்

ஐரோப்பாவில் 1984 முதல் நடைமுறையில் இருந்த உற்பத்தி ஒதுக்கீட்டு முறை, 2015 மார்ச் 31 அன்று முடிவுக்கு வந்தது. ஐரோப்பியப் பால் பொருள்களுக்கு 2014 ஆகஸ்டில் ரஷ்யா தடை விதித்திருந்தது. சீனாவின் கொள்முதலும் குறைந்திருந்தது. இந்நிலையில் உற்பத்தி பெருகியதால் விலை வீழ்ந்தது. உற்பத்தியைத் தாமாகக் குறைக்கும் விவசாயிகளுக்கு ஊக்கத்தொகை வழங்க, 2016இல் ஐரோப்பிய யூனியன் 15 கோடி யூரோ ஒதுக்கியது. அதன் பின்னர், நெதர்லாந்தின் பாஸ்பேட் கட்டுப்பாடு, அயர்லாந்தின் நைட்ரேட் வரம்பு போன்ற சுற்றுச்சூழல் விதிகள் மாடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்துள்ளன.

அமெரிக்கா, தென்கோளம்

அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 10.2 கோடி டன் பால் உற்பத்தி செய்கிறது. 2024 மார்ச்சில் அங்குள்ள கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அந்நாட்டின் முதன்மைப் பால் மாநிலமான கலிபோர்னியாவில், 2024 நவம்பர் மாத உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 9.2 சதவீதம் குறைந்தது. கறவை மாடுகளை இறைச்சி இனக் காளைகளுடன் கலப்பினம் செய்வது லாபகரமாக இருப்பதால், பால் பண்ணைகளுக்கான கிடேரிகளுக்கும் தட்டுப்பாடு நிலவியது.

ஆஸ்திரேலியாவில் 2001-02இல் 1,120 கோடி லிட்டரைத் தாண்டிய உற்பத்தி, வறட்சி, தொழிலாளர் பற்றாக்குறை, பண்ணைகள் மூடல் ஆகியவற்றால் 2023-24இல் சுமார் 840 கோடி லிட்டராகச் சுருங்கியது. ஆர்ஜென்டீனாவிலும் வறட்சி மற்றும் பொருளாதார நெருக்கடியால் 2024இல் உற்பத்தி குறைந்தது.

வாங்கும் தரப்பிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. சீனா தனது உற்பத்தியை 2018இல் சுமார் 3.1 கோடி டன்னிலிருந்து 2023இல் சுமார் 4.2 கோடி டன்னாக உயர்த்தியதால், பால் பவுடர் இறக்குமதியைக் குறைத்துக் கொண்டது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

சர்வதேச விலை வீழும்போது இந்தியப் பால் பவுடருக்கு வெளிநாட்டில் வாங்குவோர் இருப்பதில்லை. இருப்பு தேங்குவதால், நிறுவனங்கள் விவசாயிகளுக்குத் தரும் கொள்முதல் விலையைக் குறைக்கின்றன. 2018 ஜூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிப் போராடியதன் பின்னணி இதுவே. அவ்வாண்டு மகாராஷ்டிர, குஜராத் அரசுகள் பால் பவுடர் ஏற்றுமதிக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தன.

நாட்டில் சுமார் 8 கோடி விவசாயிகள் பால் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலானோர் ஒன்றிரண்டு மாடுகளை மட்டுமே வளர்ப்பவர்கள். நூற்றுக்கணக்கான மாடுகளைக் கொண்ட நியூசிலாந்துப் பண்ணைகளுடன் இவர்கள் விலையில் போட்டியிடுவது கடினம். 2019 நவம்பரில் ஆர்சிஇபி ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கும், ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் பால் பொருள்களுக்கு விலக்கு பெற்றதற்கும் இக்கவலை முக்கியக் காரணமாக அமைந்தது.

இறக்குமதி வரி வெளிநாட்டுப் பாலை எல்லையில் தடுத்து நிறுத்தலாம். ஆனால் உலக விலையின் தாக்கத்தை முழுமையாகத் தடுக்க முடியாது என்பதை 2018ஆம் ஆண்டின் அனுபவம் உணர்த்துகிறது.