கூண்டுக் கம்பியும் பறவைக்கு நஞ்சாகலாம்

கறவை மாடு, நாட்டுக்கோழி இவற்றுடன் கூண்டுப் பறவைகளையும் உபதொழிலாக வளர்க்கும் சிறு விவசாயிகள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். சந்தையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜெரிகர், கொண்டையுள்ள காக்டெயில் ஆகிய சிறு கிளிகளே இவ்வாறு பெரும்பாலும் வளர்க்கப்படுகின்றன. இவை இரண்டும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை முதலிலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

இப்பறவைகளுக்குத் தினை, சாமை, கீரை, தண்ணீர் என்று எல்லாவற்றையும் கவனித்துக் கொடுப்பவர்கள்கூட, கூண்டு எதனால் செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பழைய கூண்டு துருப்பிடித்துவிட்டது என்று பளபளப்பான புது வலை வாங்கிக் கூண்டு கட்டுகிறார்கள். சில நாட்களோ, சில வாரங்களோ கழிந்ததும் ஒரு பறவை இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்காருகிறது. தீனி எடுப்பதில்லை. எச்சம் பச்சையாகவும் நீர்த்தும் போகிறது. வெள்ளைக் கழிச்சலோ, குளிரோ என்று எண்ணிக் கையில் கிடைத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கிறார்கள். பலன் இருப்பதில்லை. பறவை இறந்துவிடுகிறது. அதே கூண்டில் அடுத்த ஜோடியை விடும்போது அதற்கும் அதே கதி நேரலாம். இதற்குக் கிருமி காரணமாக இல்லாமல், கூண்டின் கம்பியே காரணமாக இருக்கக்கூடும்.

கம்பியில் உள்ள நஞ்சு எது?

கடைகளில் ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. வலை என்று விற்கப்படுபவை இரும்புக் கம்பியின் மேல் துத்தநாகம் பூசப்பட்டவை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவே இப்பூச்சு. கம்பியை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும்போது ஆங்காங்கே சொட்டுகளும் முடிச்சுகளும் படிந்துவிடும். வலையின் மூலைகளிலும் கம்பிகள் இணையும் இடங்களிலும் விரலால் தடவிப் பார்த்தால் இவை தட்டுப்படும். கிளியின் அலகுக்கு இவற்றைப் பெயர்த்தெடுப்பது எளிது.

வலைச் சுருளை ஈரத்தோடு காற்றுப் புகாமல் அடுக்கி வைத்திருந்தால் அதன் மேல் வெள்ளை மாவு போன்ற படிவம் உண்டாகும். இதுவும் துத்தநாகத்தினால் ஆனதே. கம்பியைப் பற்றி ஏறும் கிளி இதைச் சிறிது சிறிதாக நாவால் தொட்டு விழுங்கிவிடும்.

துத்தநாகம் உயிர்களுக்கு வேண்டாத பொருள் அல்ல. தீனியில் மிகச் சிறிய அளவில் அது இருக்கவே வேண்டும். அளவு மீறும்போதுதான் நஞ்சாகிறது. பட்ஜெரிகரின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் வரைதான். காக்டெயில் 100 கிராமுக்குச் சற்று முன்பின் இருக்கும். இவ்வளவு சிறிய உடலுக்கு ஒரு சிறு உலோகத் துணுக்கே பெரிய சுமையாகும்.

வயிற்றில் நடப்பது என்ன?

பறவைக்குப் பல் கிடையாது. விழுங்கிய தீனி முதலில் தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பிறகு அமிலம் சுரக்கும் இரைப்பைக்கும், அதை அடுத்துள்ள தடித்த தசையாலான அரைவைப்பைக்கும் செல்கிறது. அம்மியில் வைத்து அரைப்பதுபோல் அரைவைப்பை தீனியை அரைக்கிறது. கோழியும் புறாவும் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்குவது இந்த அரைவைக்காகத்தான்.

கல்லைப் போலவே உலோகத் துண்டும் இங்கே தங்கிவிடுகிறது. ஒரு பக்கம் அமிலம் அதைக் கரைக்கிறது. மறு பக்கம் தசை அதைத் தேய்க்கிறது. கரைந்த துத்தநாகம் இரத்தத்தில் கலந்து கணையத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இரத்தச் சோகையையும் உண்டாக்குகிறது. துண்டு வயிற்றில் இருக்கும் வரையில் நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கும்.

கிளி எதையும் கடித்துப் பார்த்தே அறியும் பறவை. கம்பியில் ஏறுவதற்கும் அலகையே மூன்றாவது காலாகப் பயன்படுத்துகிறது. ஆகவே கிளிக்குக் கூண்டும் தீனியைப் போன்றதுதான். தீனி வாங்கும்போது பார்க்கும் அளவுக்குக் கம்பி வாங்கும்போதும் பார்க்க வேண்டும்.

ஈயம் இன்னும் கொடியது

துத்தநாகத்தைவிட ஈயம் மிகவும் கேடு தரும். ஈயப் பற்று வைத்து ஒட்டிய பழைய கூண்டு, பழைய வர்ணம் பூசிய மரச்சட்டம், உடைந்த பேட்டரியின் தகடு, வீச்சு வலையின் ஈயக் குண்டு ஆகியவற்றிலிருந்து ஈயம் பறவையின் வயிற்றுக்குள் போகலாம். வீட்டுக்குப் பூசும் வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவு, சன்னல் சட்டங்களை உடைத்துக் கூண்டு செய்வதைத் தவிர்ப்பது நல்லது.

கோழியும் வாத்தும் விலக்கல்ல

கோழி கிளியைப் போல் கம்பியைக் கடிப்பதில்லை. ஆனால் தரையில் பளபளப்பது எதையும் கொத்தி விழுங்கிவிடும். கோழிக்கூண்டு கட்டும்போது வெட்டி விழும் கட்டுக்கம்பித் துணுக்கு, யு ஆணி, திருகாணி ஆகியவையே இங்கு ஆபத்து. கூரிய துண்டு அரைவைப்பையைத் துளைத்துவிடுவதும் உண்டு. குட்டையில் மேயும் வாத்து சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டைத் தீனி என்று விழுங்கிவிடும்.

கோடையில் கோழிகளுக்கு மோர் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அதை ஜி.ஐ. வாளியிலோ, ஜி.ஐ. தகட்டுத் தொட்டியிலோ ஊற்றி வைக்கக்கூடாது. மோரின் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும். மண்சட்டியில் வைப்பதே சிறந்தது. புளித்த பழங்களுக்கும் இது பொருந்தும்.

அறிகுறிகள்

உலோக நஞ்சு ஏறிய பறவையில் கீழ்க்காணும் அறிகுறிகளில் சிலவற்றைக் காணலாம்.

1. இறகை உப்பிக்கொண்டு சோர்ந்து உட்காருதல், தீனி எடுக்காமை.

2. அடிக்கடி தண்ணீர் குடித்தல். எச்சம் நீர்த்து, பச்சை நிறமாகப் போதல்.

3. விழுங்கிய தீனியைக் கக்குதல். தீனிப்பை காலியாகாமல் உப்பி நிற்றல்.

4. எடை குறைந்து மார்பெலும்பு கத்திபோல் துருத்துதல்.

5. கால் தடுமாறுதல், இறக்கை தொங்குதல், தண்டில் பிடித்து நிற்க முடியாமல் விழுதல். முற்றிய நிலையில் வலிப்பு.

வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழியிலும் பச்சைக் கழிச்சலும் தடுமாற்றமும் உண்டு. ஆகவே அறிகுறியை மட்டும் பார்த்து நோயைத் தீர்மானித்துவிட முடியாது. வெள்ளைக் கழிச்சல் விரைவாக ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். உலோக நஞ்சு அவ்வாறு பரவுவதில்லை. புதுக் கூண்டில் உள்ள பறவைகள் மட்டும் சோர்ந்து, பக்கத்துக் கூண்டில் உள்ளவை நலமாக இருந்தால் கம்பியைச் சந்தேகிக்க இடமுண்டு. எதுவாயினும், சோர்ந்த பறவையைத் தனியே பிரித்து வைப்பது இரண்டுக்கும் பொதுவான முதல் வேலை.

பறவை கம்பியை விழுங்கியதாகத் தெரிந்தால்

பறவையை உடனே அந்தக் கூண்டிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் விட வேண்டும். அருகில் மின்விளக்கு எரியவிட்டு வெதுவெதுப்பாக வைக்கலாம். குடிக்கத் தண்ணீர் வைக்கலாம். விளக்கெண்ணெயையோ வேறு எண்ணெயையோ அலகைத் திறந்து ஊற்றுவது கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். கக்க வைக்கவும் முயலக்கூடாது. அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருப்பதும் தவறு. நஞ்சு ஏறுவதற்கு முன் துண்டை வெளியேற்றிவிட்டால் பறவை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கால்நடை மருத்துவரிடம் போகும்போது கம்பியின் ஒரு துண்டையும், அன்றைய எச்சத்தைத் தாளில் மடித்தும் கொண்டுபோவது நல்லது. கூண்டு எப்போது கட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தில் உலோகத் துண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். படத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் ஆபத்து இல்லை என்று கொள்ள முடியாது. தூளாக விழுங்கியது ஏற்கெனவே கரைந்துபோயிருக்கலாம். அந்நிலையில் இரத்தப் பரிசோதனை உதவும்.

இரத்தத்தில் கலந்த உலோகத்தைப் பிணைத்துச் சிறுநீரின் வழியே வெளியேற்றும் மருந்துகள் உள்ளன. கால்சியம் இ.டி.டி.ஏ. என்னும் ஊசி மருந்து அவற்றில் ஒன்று. பறவையின் எடையைப் பார்த்து மருத்துவரே இதன் அளவை நிர்ணயிக்க வேண்டும். துண்டு வயிற்றிலேயே தங்கிவிட்டால் அதை எடுக்கும் வழியையும் அவரே முடிவு செய்வார். உள்ளூர் மருந்தகத்தில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம்.

பறவை இறந்துவிட்டால் அதைப் புதைத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. பிரேதப் பரிசோதனை செய்து அரைவைப்பையைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பல மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இதற்கென இயங்குகிறது. இறந்த ஒன்றின் காரணம் தெரிந்தால் மீதியுள்ளவற்றைக் காப்பாற்றலாம். உலோக நஞ்சு ஏறியதாகச் சந்தேகப்படும் கோழியை அறுத்துச் சமைக்கக் கூடாது. ஈயம் முட்டையிலும் இறங்கும் என்பதால் அதன் முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது கேடு.

தடுப்பு முறைகள்

கிளி வகைகளுக்கு எவர்சில்வர் கம்பியாலான கூண்டே மிகவும் பாதுகாப்பானது. விலை கூடுதல்தான். எல்லாப் பக்கங்களுக்கும் வாங்க இயலாதவர்கள், பறவை அதிகமாகப் பற்றி ஏறும் முன்பக்கத்துக்கும் கதவுக்கும் மட்டுமாவது எவர்சில்வர் வலை போடலாம்.

ஜி.ஐ. வலையைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், சொட்டும் முடிச்சும் இல்லாத வழவழப்பான வலையாகப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை மாவு படிந்த சுருளை வாங்கக்கூடாது. சொட்டு உள்ள இடங்களையும் வெட்டிய முனைகளையும் அரத்தால் ராவிவிட வேண்டும். பிறகு வினிகரைத் தொட்டுக் கெட்டியான பிரஷால் வலை முழுவதையும் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, வெயிலில் காயவிட வேண்டும். தளர்ந்திருக்கும் துத்தநாகம் இதனால் போய்விடும். பூச்சு முழுவதும் போய்விடுவதில்லை என்பதால் ஆபத்து குறையுமே தவிர, அறவே நீங்கிவிடாது. கம்பியை ஓயாமல் கடிக்கும் பழக்கமுள்ள கிளியை ஜி.ஐ. கூண்டில் விடாதிருப்பதே நல்லது. வலையின் மேல் வர்ணம் பூசி மறைப்பதும் பயன் தராது. கிளி அந்த வர்ணத்தையும் உரித்து விழுங்கிவிடும்.

கூண்டில் கடிப்பதற்கு வேறு பொருள் இருந்தால் கிளி கம்பியை நாடுவது குறையும். பூச்சிமருந்து அடிக்காத கொய்யா மரக் கிளைகளைப் பட்டையோடு வெட்டிக் கழுவி வைக்கலாம். செலவு ஏதும் இல்லை. அரளிக் குச்சி நஞ்சு, அதை வைக்கக்கூடாது. சாக்கு நூல், நைலான் கயிறு, ரப்பர் ஆகியவற்றையும் கூண்டில் தொங்கவிடக்கூடாது. அவை தீனிப்பையில் சிக்கிக்கொள்ளும்.

கூண்டு வேலை முடிந்த அன்றே தரையைக் கூட்டி, பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அந்த இடம் முழுவதும் இழுத்துவிட வேண்டும். வெட்டுக் கம்பியும் ஆணியும் அதில் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகச் சொட்டும் ஈயமும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஆகவே கண்ணாலும் பார்த்துப் பொறுக்கிய பிறகே பறவைகளைத் திறந்துவிட வேண்டும்.

புது வலை போட்டவர்கள் முதல் சில வாரங்களுக்குக் காலையில் தீனி வைக்கும்போதே எச்சத்தின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம். பறவையால் தன் நோயைச் சொல்ல இயலாது. கூண்டின் அடித்தட்டில் விரித்த காகிதம் அதைச் சொல்லிவிடும்.