மீன்தலையை எடுத்துவைக்கும் கை

வீட்டில் வளர்ந்த பூனை இறந்துபோனால், அடுத்த சில வாரங்களுக்குப் பல வீடுகளில் ஒரே மாதிரியான காரியங்கள் நடக்கும். மீன் கழுவுகிறவர் தலையையும் வாலையும் தனியே எடுத்து வைத்துவிடுவார். ராத்திரி கதவைச் சாத்துமுன் கண் தானாகவே ஒருமுறை வாசற்படிக்குப் போய்வரும். விளக்கணைத்துப் படுத்தால் சமையலறைப் பக்கம் மெத்தென்ற காலடி கேட்கும். எழுந்துபோய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இதை வெளியே சொல்லத் தயங்குகிறோம். சொன்னால், “அது செத்துப்போச்சுன்னு நீ இன்னும் ஏத்துக்கல, மனசைத் தேத்திக்கோ” என்பார்கள். அன்போடு சொல்வதுதான். ஆனால் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். துணியில் சுற்றி, கொல்லையில் குழிதோண்டிப் புதைத்ததே நாம்தான். நமக்கா தெரியாது? நிதானமாக இதைப் பார்ப்போம்.

மூளை ஒரு விஷயத்தை ஒரே விதமாகத் தெரிந்துகொள்வதில்லை. “செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தது” என்பது நிகழ்வு நினைவு. ஒருமுறை நடந்தாலே பதிந்துவிடும். “கதவைத் திறந்தால் காலில் உரசும்” என்பது வேறு வகை. அது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. வருஷக்கணக்கில் காலையும் மாலையும் திரும்பத் திரும்ப நடந்து, கைகாலுக்குள் ஊறிய எதிர்பார்ப்பு. இருட்டில் படியிறங்கும்போது, படி முடிந்த பிறகும் இன்னொன்று இருப்பதாக நினைத்துக் கால் தடுமாறுகிறதே, அதுபோல. எத்தனை படி என்று நமக்குத் தெரியும். கால் தன் கணக்கில் இறங்குகிறது.

இந்த எதிர்பார்ப்பின் ஒரு சின்னத் துணுக்கை நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். 2014-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் ஆய்வகம் அது. ஒரு பெட்டிக்குள் எலியை ஓடவிட்டு, அதில் ஒரு பொருளை வைத்தார்கள். அந்தப் பொருளின் அருகே எலி வரும்போதெல்லாம் மூளையில் சில நரம்பணுக்கள் துடித்தன. பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு சில அணுக்கள், பொருள் முன்பு இருந்த வெற்றிடத்துக்கு எலி வந்தபோது துடித்தன. நாட்கள் கழிந்தும் துடித்தன. 2013-இல் வெளியான ஆய்வு இது. எலி துக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஒன்று ‘இங்கே இருந்தது’ என்பதையும் மூளை தனியாகக் குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். பூனை படுத்திருந்த ஜன்னல் திட்டைக் கடக்கும்போது நம் கண் ஏன் அங்கே போகிறது என்று யோசிக்க எனக்கு அது போதும்.

காலடிச் சத்தத்துக்கும் வேர் இதுவே. ராத்திரியில் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் அரைகுறைச் சத்தம்: திரைச்சீலை அசைவது, காலண்டர் தாள் சுவரில் உரசுவது. மீதியை மூளை தன் பழக்கத்திலிருந்து நிரப்பிக்கொள்கிறது. அந்த வீட்டில், அந்த நேரத்தில், அத்தகைய சத்தம் இத்தனை காலமும் பூனையாகத்தானே இருந்தது? வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூயி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைக் கேட்டு 1971-இல் எழுதினார். ஏறக்குறையப் பாதிப்பேர், இறந்தவரைக் கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ, அவர் அருகில் இருப்பதாகவோ உணர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பயந்தவர்களைவிட ஆறுதல் அடைந்தவர்களே அதிகம். அது மனிதரை இழந்த துக்கம். ஆனால் தினமும் நம்மோடு புழங்கிய உயிரைத் தேடுவது அதே மூளைதான்.

கைகாலுக்குள் ஊறிய அந்த இரண்டாவது வகை நினைவுக்குப் புத்திமதி எட்டாது. கதவு திறந்து காலில் ஏதும் உரசாத காலைகள் பல வரவேண்டும், அப்போதுதான் அது மெல்ல மாறும். ஆகவே சாப்பாட்டுத் தட்டை அன்றைக்கே தூக்கிப்போட வேண்டியதில்லை. புதுக்குட்டி கொண்டுவருவதும் அவரவர் விருப்பம். ஆனால் அது தனக்கென்று வேறு வழிகளை உண்டாக்கிக்கொள்ளும், பழைய வழியில் நடக்காது.

இறந்த பூனையை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் வருவது கடைசி வாரம்தான். பயமும் பதற்றமும் கலந்த நினைவு ஆழமாகப் பதியும். கூடவே, “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, கவனிக்காம விட்டுட்டோமே” என்ற குற்றவுணர்வு. பூனை தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்தது, பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாது. வயதான பூனைகளுக்கு அதிகம் வரும் சிறுநீரக நோயில், வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே அறிகுறிகள் தெரியத் தொடங்கும். முன்பே தெரியாமல் போனது நம் தவறல்ல. அந்த வாரத்தை விட்டு, சாதாரண நாட்களைப் பற்றி வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். பாட்டிக்குத் தெரிந்த பூனை வேறு, பேரனுக்குத் தெரிந்த பூனை வேறு.

குழந்தைகளிடம் “தூங்குது”, “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லாமல் இருப்பது நல்லது. தூங்கவே பயப்படும் குழந்தையும் உண்டு, வாசலிலேயே காத்திருக்கும் குழந்தையும் உண்டு. “செத்துப்போச்சு, இனிமே வராது” என்று மடியில் வைத்துச் சொல்லலாம். மறுநாளும், “அது எப்பம்மா வரும்?” என்று கேட்கும். சொன்னது புரியவில்லை என்று கோபப்பட வேண்டாம். மீன்தலையை நம் கை எடுத்துவைத்ததே, அதைத்தான் குழந்தை வாய்விட்டுக் கேட்கிறது. நேற்றுச் சொன்ன அதே பதிலை, அதே சொற்களில், இன்றும் சொல்லலாம்.