குளோரியா கெய்னர்: டிஸ்கோ இசையில் குரலின் இடம்

அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 1979 மார்ச்சில் முதலிடம் பெற்ற ‘ஐ வில் சர்வைவ்’ பாடலைக் கொண்டே குளோரியா கெய்னர் இன்று அறியப்படுகிறார். ஒற்றைப் பாடலால் உயர்ந்து மறைந்தவர் என்னும் இம்மதிப்பீடு, அவருடைய எழுச்சியையும் சரிவையும் விளக்கப் போதுமானதன்று.

நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க்கில் பிறந்த கெய்னரின் புகழுக்கு அடித்தளமிட்டவை நடனக்கூடங்களே. 1975இல் வெளியான ‘நெவர் கேன் சே குட்பை’ இசைத்தட்டின் முதல் பக்கத்தில், மூன்று பாடல்களை இடைவெளியின்றி இணைத்து, ஏறத்தாழ 19 நிமிடம் ஓடும் ஒரே தொடராக்கினார் டாம் மோல்டன். பாடல் முடியும்போது ஆடுவோர் களத்தை விட்டு விலகாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இதற்கெனத் தாளப்பகுதிகள் நீட்டப்பட்டன. குரல் அவற்றினிடையே வந்துபோவதாயிற்று. தாம் பாடும் பகுதி குறைந்துவிட்டதாகக் கெய்னர் குறைப்பட்டதை மோல்டனே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அதைப் பாடகியின் தனிப்பட்ட மனத்தாங்கலாக மட்டும் கொள்ள இயலாது. அவருடைய பாடலைப் பரப்பிய அதே உத்தி, பாடுபவர் யார் என்பதை ஆடுவோர் அறியத் தேவையில்லாத நிலையையும் உருவாக்கியது.

‘ஐ வில் சர்வைவ்’ இதற்கு மாறானது. மேடையில் விழுந்து முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட கெய்னர், முதுகுப்பட்டை அணிந்த நிலையில் 1978இல் இதனைப் பாடிப் பதிவு செய்தார். பின்னணிப் பாடகர் எவருமில்லை. தொடக்க வரிகளில் தாளமும் ஒதுங்கி நிற்கக் குரலே முன் நிற்கிறது. பதிவு நிறுவனமோ ‘சப்ஸ்டிட்யூட்’ என்னும் பாடலையே முதன்மையாகக் கருதி, இதனை இசைத்தட்டின் மறுபக்கத்தில் வைத்தது. தட்டைத் திருப்பிப் போட்டு இதனை வெற்றிபெறச் செய்தவர்கள் டிஜேக்கள்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில், இரு ஆட்டங்களுக்கு இடையே டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளரும் வளர்த்த இசைமீதான காழ்ப்பாகவும் இந்நிகழ்வு வாசிக்கப்படுகிறது. பதிவு நிறுவனங்கள் டிஸ்கோ என்னும் பெயரையே கைவிடத் தொடங்கின. 1980இல் இப்பாடலுக்கு வழங்கப்பட்ட சிறந்த டிஸ்கோ பதிவுக்கான கிராமி விருது, அந்த ஓர் ஆண்டோடு நீக்கப்பட்டது. அதன்பின் கெய்னரின் எப்பாடலும் அமெரிக்காவின் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை. ஆயினும் ‘ஐ ஆம் வாட் ஐ ஆம்’ பிரிட்டனில் முதல் 20 இடங்களுக்குள் வந்தது. சரிந்தது குரலன்று, அதன்மேல் ஒட்டப்பட்டிருந்த வகைப்பெயர் என்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகிறது.

அவர் அடுத்த கிராமி விருதைப் பெற்றது 40 ஆண்டுகள் கழித்து, 2020இல். அவ்விருது நடன இசைக்காக அன்றி, ‘டெஸ்டிமனி’ என்னும் கிறித்தவ நற்செய்தி இசைத்தொகுப்புக்காக வழங்கப்பட்டது.