பாட்டி கரண்டி, அஞ்சு கொக்கி, சுவர்ல ரெண்டே ஓட்டை

போன வருஷம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு வாசல் பக்கம் தடால்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, நான் ஆசை ஆசையா வளைச்சு மாட்டின ஸ்பூன் கொக்கி தரையில கிடக்குது. அதுல தொங்கிட்டிருந்த லேப்டாப் பையும் கீழே. சுவர்ல உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரியுது. லேப்டாப் தப்பிச்சிடுச்சு. ஆனா வீடு காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல 1,500 ரூபாயைக் கழிச்சுக்கிட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஸ்பூனுக்கு ஒண்ணுமே ஆகலை. நான் பார்த்த வீடியோ எல்லாம் ஸ்பூனை எப்படி அழகா வளைக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்துச்சு. சுவர்ல எப்படி நிக்கும்னு சொல்லலை. நானும் கேட்டுக்கலை.

புது வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் பண்ணணும்னு தோணுச்சு. இந்தத் தடவை கையில இருந்தது பாட்டியோட எவர்சில்வர் கரண்டி. ஊர்ல வீட்டைக் காலி பண்ணப்போ பாதி சாமான் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போயிடுச்சு. நான் கேட்டு வாங்கினது இந்தக் கரண்டியும் நாலு ஸ்பூனும்தான். கரண்டிக் காம்புல பாட்டி பேர் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். கல்யாண வீடுகள்ல பாத்திரம் மாறிப் போகாம இருக்க அப்போ எல்லாரும் பேர் வெட்டுவாங்க. வளைக்கப் போறேன்னு சொன்னதும் அம்மா, "உடைஞ்சா இன்னொண்ணு எங்கடி கிடைக்கும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

எவர்சில்வருக்கு ஒரு குணம் உண்டு. வளைச்ச இடம் முன்னைவிடக் கடினமாயிடும். தப்பா வளைச்சுட்டோம்னு நிமிர்த்தி, மறுபடி வளைச்சா அந்த இடத்துல விரிசல் விடும். அதனால ஒரே தடவைதான். விலை குறைஞ்ச ஸ்பூன் ரெண்டு மூணு வாங்கி முதல்ல அதுல கையைப் பழக்குங்க. நான் மூணு ஸ்பூனைக் கெடுத்தேன். வார்ப்பு அலுமினியக் கரண்டி இருந்தா அதை வளைக்கவே வேணாம், பட்டுனு உடையும். வளைக்கிற வேலையே வேணாம்னா பீரோ கைப்பிடி, பழைய டிராயர் குமிழ் இதெல்லாம் இருக்கு. அப்படியே மரத்துல முடுக்கிடலாம்.

வளைக்கறதுக்கு முன்னாடியே, காம்பு நேரா இருக்கும்போதே ஓட்டை போட்டுடணும். பாட்டி பேருக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, 4 மி.மீ. அளவுல. பிட்டு வழுக்காம இருக்க, பஞ்ச் வெச்சு ஒரு தட்டு தட்டிக் குழி பண்ணிக்கோங்க. டிரில்லை மெதுவா ஓட்டுங்க, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. வேகமா ஓட்டினா சூடேறி, கரண்டி அந்த இடத்துல இறுகிப் போய், பிட்டுதான் மழுங்கும். இன்னொண்ணு, கரண்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டை போடாதீங்க. பிட்டு மாட்டிக்கிட்டா கரண்டி சுத்தி விரலை வெட்டிடும். பலகையோட சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கிக்கோங்க.

வளைக்க அரை இஞ்ச் இரும்புக் குழாய் போதும். துணி சுத்தி, கரண்டியோட கழுத்தைக் குழாய் மேல வெச்சு, ஒரே சீரா அழுத்தணும். சுத்தியல் வேணாம். கூர்மையா மடிச்சா விரிசல் விடும், குழாயோட வளைவுக்கு வந்தாப் போதும். காம்பு பலகையோட ஒட்டி நிக்கும், குழிப்பகுதி மேல பார்த்து நிக்கும், பையோட வார் வழுக்காது.

இப்போ சுவருக்கு வருவோம். பழைய கொக்கி ஏன் விழுந்துச்சு? பை 6 கிலோ. கொக்கி சுவர்லேர்ந்து 10 செ.மீ. வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. ஸ்குரூ, கொக்கி சுவரைத் தொடுற அடிமுனையிலிருந்து 3 செ.மீ. மேலேதான் இருந்துச்சு. கடப்பாரையால கல்லை நெம்புற மாதிரி, அந்த அடிமுனையை ஊன்றி எடை ஸ்குரூவை வெளியே இழுக்கும். கணக்கு சின்னதுதான்: 6 × 10 ÷ 3. அதாவது 20 கிலோ இழுவை! அந்த ஸ்குரூவும் பூச்சுக்குள்ளதான் நின்னுச்சு, செங்கல் வரைக்கும் போகவே இல்லை. அது அத்தனை நாள் தாங்கினதே பெரிய விஷயம்.

புதுசுல கொக்கி 5 செ.மீ.தான் நீட்டிட்டு இருக்கு. ஸ்குரூ பலகையோட அடியிலிருந்து 12 செ.மீ. மேலே. 6 × 5 ÷ 12, ரெண்டரை கிலோதான். அதே பைதான். கொக்கியைக் கிட்டக்க வெச்சு, ஸ்குரூவை உயரத்துல போட்டா இவ்வளவு மாறுது.

பலகை யோசனை என்னோடது இல்லை. பக்கத்துத் தெருவுல தச்சு வேலை பண்ற அண்ணன் சொன்னது: "ஏம்மா, ஒவ்வொரு கொக்கிக்கும் சுவரை ஏன் நோண்டுற? எல்லாத்தையும் ஒரு பலகையில முடுக்கு. அஞ்சுக்கும் சேர்த்து ரெண்டே ஓட்டை." வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. ஓனர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, காலி பண்ணும்போது புட்டி வெச்சு அடைச்சுடலாம். எனக்குக் கிடைச்சது பழைய கட்டிலோட தலைமாட்டுப் பலகை, 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம். பழைய பெயின்ட் இருந்தா அதுல ஈயம் இருக்கலாம். ஈரமாக்கிட்டு, மாஸ்க் போட்டுத் தேயுங்க.

ஓட்டை போடும்போது கொட்டுற பொடியைப் பாருங்க. சிவப்பா வந்தா செங்கல், தைரியமா போகலாம். மணல் மாதிரி சாம்பல் நிறமா வந்தா ரெண்டு செங்கலுக்கு நடுவுல இருக்கிற கலவையா இருக்கலாம், ரெண்டு மூணு செ.மீ. தள்ளிப் போடுங்க. பிட்டு நகரவே இல்லைன்னா அது கான்கிரீட் தூண். வெள்ளைப் பொடியா கொட்டி, பிட்டு கஷ்டமே இல்லாம உள்ளே போச்சுன்னா அது லேசான ஏஏசி பிளாக். புது அபார்ட்மென்ட்கள்ல நிறைய இருக்கு. சாதாரண சின்ன பிளக் அதுல கழண்டு வந்துடும், அதுக்குன்னே நீளமான பிளக் கடையில கேட்டு வாங்கணும்.

எங்க வீட்டுல சிவப்புப் பொடி. பலகை 2 செ.மீ., பூச்சு கிட்டத்தட்ட ஒன்றரை, செங்கலுக்குள்ள 4 செ.மீ.யாவது போகணும். அதனால 75 மி.மீ. ஸ்குரூ. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதீங்க, உள்ளே ஒயர் போகும். முள்கரண்டிக் கொக்கி பண்றவங்க முனையை அரம் வெச்சு மழுக்கிடுங்க, குழந்தைங்க கண் உயரத்துல மாட்டாதீங்க.

ஒட்டுற கொக்கி போதுமேன்னு கேட்பீங்க. டைல்ஸ்ல சரி. சுவர்ல அது பெயின்ட்டைத்தான் பிடிச்சிருக்கும், சுவரை இல்லை. துண்டு, சாவி மாட்டலாம்.

மாட்டி முடிச்சதும் ஒரு பக்கெட்ல 10 லிட்டர் தண்ணி, அதாவது 10 கிலோ, ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். கீழே பழைய மெத்தை. தூக்கம் வரலை, அது வேற கதை. காலையில அசையாம நின்னுச்சு.

போன மாசம் அம்மா வந்தாங்க. ஒண்ணும் சொல்லாம தன்னோட கைப்பையை நேரா பாட்டி கரண்டியில மாட்டினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சமையல் கட்டிலேர்ந்து குரல் வந்துச்சு: "சித்தி வீட்டுப் பரண்ல பாட்டியோட தோசைத் திருப்பி ஒண்ணு கிடக்குடி, எடுத்துட்டு வரச் சொல்லவா?"

எவர்சில்வரா இரும்பான்னு கேட்டுச் சொல்லும்மான்னேன்.