மைலேஜுக்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள்

செங்கல்பட்டிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர் பழைய கார் தேடும்போது முதலில் கேட்பது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போகவர 80 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 24,000 கி.மீ. லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கும் 20 கொடுக்கும் வண்டிக்கும் ஆண்டு முழுக்க வித்தியாசம் ஏறக்குறைய 133 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 13,300 ரூபாய். அதே வண்டியின் மீட்டரில் 60,000 கி.மீ. குறைத்து வைத்திருந்தால், இவ்வளவு ஓடுகிறவருக்கு அது இரண்டரை ஆண்டு ஓட்டம். கிளட்சும் சஸ்பென்ஷனும் இரண்டரை ஆண்டு முன்னதாகவே செலவு வைக்கும். நெடுந்தூரம் ஓடுகிறவருக்குச் சிக்கனமான வண்டி என்பது பழைய கதை தெளிவாகத் தெரிகிற வண்டி. மைலேஜ் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

அந்தக் கதையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்ட ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உரிமையாளரை வைத்துக்கொண்டே அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். 2018 மாடல் வண்டி, மீட்டரில் 28,000 கி.மீ., ஆனால் நான்கு டயரும் 2022-இல் தயாரானவை என்றால், ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்ற வேண்டிவந்தது என்று கேட்க வேண்டும். சென்னை 2015-இலும் 2023-இலும் வெள்ளத்தைப் பார்த்த ஊர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் சேறும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் நல்ல மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவாரே என்பார்கள். இன்ஜினை அவர் பார்ப்பார். கடன் பாக்கியை அவரால் பார்க்க முடியாது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து அதை நீக்காமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. பாக்கி அபராதங்களை அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்க்கலாம். வெளிமாநில வண்டி விலை மலிவாக இருக்கும். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த கெடுபிடியால் அங்கிருந்து பல வண்டிகள் வெளியேறின. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்ந்தால்தான் உண்மையான விலை தெரியும்.

பலர் அலட்சியமாக இருப்பது பெயர் மாற்றத்தில். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு வாங்கியவருக்குத் தருவது 30 நாள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்த ஒரு ஓட்டை போதும், பல ஆண்டு மைலேஜ் லாபம் கரைந்துவிடும். விற்பவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றத்தை வற்புறுத்துவது விற்பவரை அவமதிப்பதாகாது.

டீலரிடம் வாங்கினால் விலை கூடும், நேரடியாக வாங்குவதே லாபம் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஏமாந்தால் கிடைக்கும் பரிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. டீலர் வணிகர் என்பதால், மீட்டரைக் குறைத்ததையோ விபத்தை மறைத்ததையோ சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்லுங்கள். தனி நபரிடம் வாங்கினால் பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ், சிவில் நீதிமன்றம், அல்லது மோசடி என்று காவல்துறையில் புகார் என்பவைதான் வழி. அதனால் அங்கே வாங்கும்போது விற்பனை ஒப்பந்தத்தில் மீட்டர் அளவு, விபத்தோ வெள்ளமோ பார்க்காத வண்டி என்ற உறுதி, ஒப்படைத்த தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வையுங்கள்.