வால்டர் கிராங்கைட்: செய்தியறிவிப்பும் பொதுமக்கள் நம்பிக்கையும்

முன்னுரை

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தியை வழங்கியவர் வால்டர் கிராங்கைட் (1916 - 2009). 'அமெரிக்காவின் மிகுந்த நம்பிக்கைக்குரிய மனிதர்' என்று அவர் போற்றப்பட்டார். அந்நம்பிக்கை எவ்வாறு உருவாயிற்று, அதன் ஆற்றல் எத்தகையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செய்தியாளர் பயிற்சி

மிசௌரி மாநிலத்தில் பிறந்த கிராங்கைட், இரண்டாம் உலகப்போரின்போது யுனைடெட் பிரஸ் செய்தி முகமையின் போர்ச் செய்தியாளராகப் பணியாற்றினார். 1950இல் சிபிஎஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவும் சரிபார்ப்பும் ஒருங்கே தேவைப்படும் முகமைப் பணியே அவரது அடித்தளமாகும். மாலைச் செய்தியில் அவர் வாசிப்பவராக மட்டுமன்றி, செய்தித் தேர்வில் பொறுப்புடைய நிருவாக ஆசிரியராகவும் இருந்தார். 1963 செப்டம்பர் 2ஆம் நாள் அந்நிகழ்ச்சி 15 நிமிடங்களிலிருந்து 30 நிமிடங்களாக விரிவடைந்தது.

அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டார் என்ற தகவல் டல்லாஸிலிருந்து முன்னரே வந்தபோதும், அதனை உறுதிப்படுத்தப்படாத தகவல் என்றே கிராங்கைட் குறிப்பிட்டார். அதிகாரபூர்வச் செய்தி கிடைத்த பின்னரே இறப்பை அறிவித்தார். நேயர்களின் நம்பிக்கை இத்தகைய கட்டுப்பாட்டின்மீது எழுந்ததாகும்.

கருத்துரையும் தொன்மமும்

வியட்நாம் சென்று திரும்பிய கிராங்கைட், 1968 பிப்ரவரி 27 அன்று ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியின் இறுதியில், போர் வெற்றி தோல்வியின்றித் தேங்கி நிற்கிறது என்றும் பேச்சுவார்த்தையே வழி என்றும் கூறினார். அது தமது சொந்தக் கருத்து என்பதையும் தெளிவுபடுத்தினார். இதனை நேரில் கண்ட குடியரசுத் தலைவர் ஜான்சன் மனமுடைந்தார் என்ற செய்தி பல நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆனால், ஒளிபரப்பு நேரத்தில் ஜான்சன் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில் இருந்தார் என்பதை ஊடக ஆய்வாளர் ஜோசப் கேம்பெல் எடுத்துக்காட்டியுள்ளார். மேலும், 1967 அக்டோபரில் எடுக்கப்பட்ட கேலப் கருத்துக்கணிப்பிலேயே 47 விழுக்காட்டினர் வியட்நாமுக்குப் படை அனுப்பியதைத் தவறு என்றனர். எனவே, மக்கள் கருத்தைக் கிராங்கைட் ஒருவரே மாற்றினார் எனக் கொள்ள இயலாது.

'மிகுந்த நம்பிக்கைக்குரியவர்' என்னும் பட்டத்திற்கு அடிப்படையான 1972ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பும் கவனத்திற்குரியது. அதில் அவர் அரசியல்வாதிகளுடனேயே ஒப்பிடப்பட்டார். பிற செய்தி அறிவிப்பாளர்களுடன் அன்று.

முடிவுரை

கிராங்கைட்டின் செல்வாக்கு மிகைப்படுத்தப்பட்டிருப்பினும், அவர்மீது மக்கள் கொண்ட மதிப்பு பொய்யன்று. செய்தியையும் கருத்தையும் அவர் பிரித்துக் காட்டியதே அதற்கு அடிப்படை. உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்துரைத்த ஒருவரது வரலாற்றை எழுதுவோரும் அதே நெறியைப் பின்பற்றுதல் வேண்டும்.