பஞ்சமத்தில் பாடும் மின்சாரம்

எலெக்ட்ரிக் கிதாரில் ராகம் வாசிக்க உட்காருபவரின் முதல் எதிரி இரைச்சல். அதை விழுங்கும் 'ஹம்பக்கர்' பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கக் காது வேண்டும், கணக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒழுங்கான எர்த் வேண்டும்.

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் சுருதிக்குப் பஞ்சம் இல்லை. 1963 முதல் ஷண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. 1990இல் தீ விபத்தில் சிக்கி, 1998இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்த அந்த அரங்கில் உட்காராத பெரிய வித்வான்கள் குறைவு. சுற்றியுள்ள மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் மாலை வேளைகளில் பாட்டு வகுப்பு, வயலின் வகுப்பு, மிருதங்க வகுப்பு. எல்லாவற்றுக்கும் பின்னணியில் சுருதிப் பெட்டியின் ரீங்காரம்.

அதே கட்டடத்தில் யாராவது எலெக்ட்ரிக் கிதாரின் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் இன்னொரு ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். இதை யாரும் அழைத்ததில்லை. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதன் இரைச்சலும் 50 அதிர்வில் ஒலிக்கும், அதன் மடங்கான 100 அதிர்விலும் ஒலிக்கும். சங்கீதம் தெரிந்தவரை இது இரண்டு மடங்கு எரிச்சல்படுத்தும். ஒரு கட்டை சுருதியில் கீழ்ஸ்தாயிப் பஞ்சமம் ஏறக்குறைய 98 அதிர்வு. மின்சாரம் பாடுவது 100. பக்கத்தில் இருக்கிறது, ஆனால் சேரவில்லை. தம்புரா சரியான பஞ்சமத்தைப் பிடிக்கும்போது, ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் தூக்கிய பஞ்சமத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டு வாத்தியார் வகுப்பை விட்டு எழுந்து போக இது போதும்.

கிங்ஸ் சர்க்கிளில் இருப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது ரயிலை. வடாலா ரோடுக்கும் மாகிமுக்கும் நடுவே ஹார்பர் லைன் இந்த வழியாகத்தான் போகிறது. 2016இல் அதன் மேல்நிலைக் கம்பி பழைய 1,500 வோல்ட் நேர் மின்சாரத்திலிருந்து 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி இவ்வளவு தூரத்தில் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், மேஜை விளக்கின் அடாப்டர், சுவருக்குள் ஓடும் ஒயர், விளக்கின் டிம்மர் ஆகியவையே கிதாருக்கு அருகில் இருப்பவை. காந்தப்புலம் தூரம் கூடக்கூட வேகமாகத் தேயும். கிதாரைப் பிடித்தபடி நாற்காலியில் மெல்லச் சுழன்று பார்த்தால் இரைச்சல் கூடுவதும் குறைவதும் தெரியும். எந்தத் திசையில் குறைகிறதோ, அப்படித் திரும்பி உட்காருவதுதான் காசில்லாத முதல் வைத்தியம்.

கழித்தலைக் கழித்தால் கூட்டல்

பிக்கப் என்பது எளிய சமாசாரம். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது. கெடுதல் என்னவென்றால், இதே சுருள் வீட்டு மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். தந்தி எது, டிரான்ஸ்ஃபார்மர் எது என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் கலமஸூ நகரில் கிப்சன் கம்பெனியில் பொறியாளராக இருந்த செத் லவர் இதற்கு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. இரண்டாவது சுருளின் மின் இணைப்பு தலைகீழ். அதன் காந்தத் துருவமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் காந்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. எனவே ஒரு சுருளில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் விழுந்து தன்னைத் தானே தின்றுவிடுகிறது. தந்தியின் ஒலியோ இரண்டு முறை தலைகீழாகிறது: காந்தத்தால் ஒரு முறை, இணைப்பால் ஒரு முறை. கழித்தலைக் கழித்தால் கூட்டல். இரைச்சல் போய் நாதம் தங்குகிறது. 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை லவருக்கு 1959இல் கிடைத்தது. அதற்குள் 1957இலேயே கிப்சனின் லெஸ் பால் கிதாரில் ஹம்பக்கர் ஏறிவிட்டது. இரைச்சலை முட்டித் தள்ளுவது என்பதே பெயரின் பொருள்.

ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு சுருள்களும் தந்தியின் இரண்டு இடங்களைக் கேட்பதால் மேல் ஒலிகளில் சில அடிபட்டுப் போகின்றன. ஒற்றைச் சுருளின் கண்ணாடி போன்ற தெளிவு குறைந்து, கனமான, உருண்ட குரல் வருகிறது. ராக் இசைக்காரர்கள் இந்தக் குறையையே குணமாக்கிக்கொண்டார்கள்.

1972இல் டிமார்ஸியோ நிறுவனத்தின் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' வந்த பிறகு, கிதாரை மாற்றாமல் பிக்கப்பை மட்டும் மாற்றும் வழக்கம் தொழிலாகவே வளர்ந்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் ஸீமோர் டங்கன் நிறுவனம் தொடங்கியது. கிதார் தலைமுறைக்கு இவை காபிப் பொடிக் கடைகளைப் போல: ஆளுக்கு ஒரு கலவை, ஆளுக்கு ஒரு கட்சி.

வீணைக்கு ஆகாதது

கர்நாடக மேடைக்கு மின்சாரம் புதிதல்ல. மெல்லிய நாதம் கொண்ட வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டலாமா என்று சபாக்களில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. காந்தப் பிக்கப் அங்கே முழுதாகப் பயன்படாததற்கு ஒரு காரணம் தந்தியிலேயே இருக்கிறது. வீணையின் கீழ்ஸ்தாயித் தந்திகள் பித்தளை, வெண்கல வகை. காந்தம் அவற்றைக் கண்டுகொள்ளாது. எஃகுத் தந்தி கொண்ட கிதாருக்கும் மாண்டலினுக்கும் இந்தத் தடை இல்லை.

அந்த வழியைப் பெரிய அளவில் திறந்தவர் பாலக்கொல்லில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014). இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்த எலெக்ட்ரிக் மாண்டலினில் அவர் கமகத்தைக் காட்டிய பிறகு 'மேல்நாட்டு வாத்தியம்' என்ற ஆட்சேபம் வலுவிழந்தது. கிதாரில் சுகுமார் பிரசாத் வாசித்தார். அவருக்குப் பின், ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசன்னா வந்தார். 2000 டிசம்பரில் மும்பையில் 'ரிமெம்பர் சக்தி' குழு வாசித்தபோது ஜான் மெக்லாஃப்லினின் எலெக்ட்ரிக் கிதாரும் ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் ஒரே மேடையில் பேசிக்கொண்டன. மேடையில் செம்பூரில் வளர்ந்த ஷங்கர் மகாதேவனும் இருந்தார்.

இவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று அப்பாவிடம் பிக்கப்புக்குப் பணம் கேட்கிறார்கள். பெயர்பெற்ற அமெரிக்கப் பிக்கப் ஒன்று அங்கேயே 100 டாலரைத் தாண்டும். கப்பல் கட்டணம், சுங்கம், ஜி.எஸ்.டி. சேர்ந்தால், ஆரம்ப வகுப்புக் கிதாரின் விலையையே தொட்டுவிடும். பல்லாயிரம் ரூபாயைப் பிரித்துப் பார்த்த பிறகு கடைக்காரர் திருப்பி வாங்கவும் மாட்டார். எனவே தேர்வு சரியாக இருக்க வேண்டும்.

எண் காட்டும் ஏமாற்று

அட்டைப் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது மின்தடை எண். 8 கிலோ ஓம், 13 கிலோ ஓம், 16 கிலோ ஓம். எண் பெரிதானால் சத்தம் பெரிது என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு. கம்பி மெல்லியதானால் சுற்று கூடாமலே தடை கூடும். ஒரே கம்பி, ஒரே காந்தம் உள்ள இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடத்தான் அந்த எண் உதவும். சுற்று கூடினால் சத்தம் கூடும் என்பது உண்மை. கூடவே மேல் ஒலிகள் மங்கும் என்பதும் உண்மை.

காந்தம் அடுத்த கேள்வி. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ வகையில் இரண்டாம் எண் மென்மையானது. ஐந்தாம் எண் துடிப்பானது. செராமிக் காந்தம் பலமானது; ஹெவி மெட்டல்காரர்கள் தேடிப் போவது.

பலமான பிக்கப்பே நல்ல பிக்கப் என்ற எண்ணம் ராகம் வாசிப்பவரைக் கவிழ்த்துவிடும். அது ஆம்ப்ளிஃபயரின் வாயில் அளவுக்கு மேல் திணிக்கிறது. உரத்ததும் மெலிந்ததும் ஒரே மட்டமாக நசுங்குகின்றன. மெட்டலுக்கு அது வரம். தோடியின் காந்தாரத்தை அசைத்து, மெல்லக் கரையவிட வேண்டியவருக்கு அது சாபம். மென்மையான அல்நிகோ, 7 முதல் 9 கிலோ ஓம் வரையிலான பழைய பாணிச் சுற்று அவருக்குப் பொருந்தும். சத்தம் போதாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளலாம். பிக்கப்பில் நசுங்கியதை எங்கேயும் மீட்க முடியாது.

கமகத்துக்கு மட்டுமேயான இன்னொரு கேள்வியும் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது தனக்குரிய காந்த ஆணியின் தலையை விட்டு விலகுகிறது. ஒலி சற்றுத் தொய்கிறது. ஆணிகளுக்குப் பதில் நீண்ட இரும்புத் தகடு பதித்த பிக்கப்புகளில் இந்தத் தொய்வு மிகக் குறைவு. தந்தி எங்கே போனாலும் அடியில் தகடு இருக்கும். எந்த இடத்துப் பிக்கப்பை முதலில் மாற்றுவது என்பதும் முக்கியம். கழுத்தருகே இருப்பது உருண்ட, வாய்ப்பாட்டை ஒத்த குரல் தரும், ஆலாபனைக்கு அதுவே. பிரிட்ஜ் அருகே இருப்பது கூர்மையானது. ஒன்றுக்குத்தான் காசு என்றால் ராகம் வாசிப்பவர் கழுத்திலிருந்து தொடங்கலாம்.

பிறகு அளவுகோல். கிப்சன் வகைக் கிதார்களில் முதல் ஆணிக்கும் ஆறாவது ஆணிக்கும் இடையே சுமார் 50 மில்லிமீட்டர். ஃபென்டர் வகை டிரெமோலோ பிரிட்ஜ்களில் தந்தி பரப்பு அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும். அளக்காமல் வாங்கினால் ஓரத் தந்திகள் ஆணிக்கு வெளியே நிற்கும். மெழுகில் ஊறவைத்த பிக்கப்பா என்றும் கேட்க வேண்டும். ஊறாததில் கம்பிச் சுற்றுகள் தளர்ந்திருந்தால், மேடையில் சத்தம் கூடியதும் கீச்சிடும்.

லாமிங்டன் ரோடில் மீதி வேலை

மாட்டுங்கா ரோடில் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு. மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. சால்டரிங் கம்பி, ஈயம், மல்டிமீட்டர், 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் அங்கே கிடைக்கும். ஹம்பக்கருக்கு 500தான் வழக்கம். ஒற்றைச் சுருளுக்கான 250ஐ வைத்தால் குரல் இன்னும் மங்கும்.

ஒயர் நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸீமோர் டங்கனில் கறுப்பு ஒயர் ஒலியைக் கொண்டுபோவது. சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டியவை. டிமார்ஸியோவில் சிவப்புதான் ஒலி. கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். இரண்டிலும் பச்சை தரைக்குப் போகும். இரண்டு கம்பெனிப் பிக்கப்புகளையும் ஒரே கிதாரில் வைத்து, ஒரே படத்தைப் பார்த்துச் சால்டர் செய்தால் தொல்லைதான். தவறாகச் சேர்ந்த பிக்கப்பின் இரண்டு சுருள்களும் எதிரெதிராக நின்று, குரல் சளி பிடித்ததுபோல் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எர்த். ஹம்பக்கர் காந்த இரைச்சலைத்தான் விழுங்கும். தரை இணைப்புச் சரியில்லாததால் வரும் கரகரப்பை அது தொடாது. தந்தியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் கோளாறு உறை, தரை இணைப்புப் பக்கம். கிதாரின் குழியில் செப்புத் தகடு ஒட்டுவதுதான் அதற்கு மருந்து. சிலர் இரைச்சல் போகட்டும் என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. கிதாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் தரையோடு இணைந்தவை. ஒரு கையில் தந்தி, உதட்டருகே மைக் என்று நிற்பவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் மேடையிலேயே மைக்கைத் தொட்டு இறந்தார். எர்த் இல்லாத பழைய வீட்டில் பிக்கப்புக்கு முன்னால் எலெக்ட்ரீஷியனுக்குத்தான் காசு தர வேண்டும்.

அதற்கும் பிறகு இரைச்சல் தீராவிட்டால், குரல் பிடிக்காவிட்டால், இருக்கிற பிக்கப்பின் உயரத்தை மாற்றிப் பார்ப்பதே அடுத்த படி. இரண்டு பக்கமும் ஒரு ஸ்க்ரூ. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு தந்திக்கும் ஆணிக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக் கேட்கலாம். இறக்கினால் சத்தம் குறையும், நாதம் விரியும். தம்புராவைப் போட்டுவிட்டு, ஒரு கட்டையில் நீண்ட ஷட்ஜம் ஒன்றைப் பிடித்து, அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்வரம் ஓய்ந்த இடத்தில் தம்புராவின் பஞ்சமம் மட்டும் கேட்டால் அந்த மாதம் பணம் மிச்சம். இரண்டு பஞ்சமம் கேட்டால் தாராளமாக ஹம்பக்கர் வாங்கலாம்.